ஜெருசலேம் தெருவில் ஒரு பாவு

ஞானப்பூவின் கஞ்சியைப் பற்றி அருப்புக்கோட்டை கோயில் தெருவில் இரண்டாவது பேச்சு கிடையாது. குடிக்கிற கஞ்சியைச் சொல்லவில்லை. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, அது விறைப்பாக நிற்பதற்காகத் தடவுகிற கஞ்சி. அவள் காய்ச்சினால் கட்டியும் தட்டாது, நீர்த்தும் போகாது. அதனாலேயே அவள் வாயில் கொஞ்சம் காரம் உண்டு. கஞ்சி வாங்க வருகிற பெண்கள் பானையை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். விறகு ஈரமா, மாவு புளித்ததா என்று யாராவது யோசனை சொன்னால், "அப்ப நீயே காய்ச்சு" என்று அகப்பையைக் கையில் கொடுத்துவிடுவாள்.

புருஷன் ஜான்ராஜ் யுத்தம் தொடங்கின வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். ஒரே மகள் அற்புதமேரியை மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டின் முன்னறையில் ஜான்ராஜின் தறி, குழியோடு அப்படியே கிடந்தது. ஞானப்பூ ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தாள், ஊருக்குக் கஞ்சி காய்ச்சினாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். யாரிடமும் போய் நின்றதில்லை. கொழுந்தன் செல்லத்துரை எதிர்வீடுதான். சாமான் கீமான் வேண்டுமா என்று கேட்க வந்தால்கூட, "இருக்கு, போங்க" என்றுதான் பதில் வரும். செல்லத்துரையும் பேச்சில் கருமி. அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

யுத்தம் முடிந்து அடுத்த தைமாதம் தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஆண்டவரின் பாடுகளை நடிக்கிற, யுத்தத்தில் நின்றுபோன பாஸ்கா நாடகத்தை இந்தத் தவக்காலத்தில் மறுபடி போட வேண்டும். ஆண்டவராக நிற்கிறவர் தொடங்கிக் குதிரைச் சேவகன் வரைக்கும் எல்லா வேஷத்துக்கும் ஆள் இருந்தது. திரைதான் இல்லை. பழைய சீன் திரைகள் எங்கே என்று தெருப்பெரியவர் தங்கசாமி கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். துணிப் பஞ்சம் வந்த காலத்தில் ஜெருசலேம் நகரம் நாலு வீட்டுப் பையன்களுக்குக் கால்சட்டையாகிவிட்டது. பிலாத்தின் அரண்மனைத் தூண்கள் தங்கசாமி வீட்டிலேயே தலையணை உறையாக இருந்தன. ஊருக்கெல்லாம் துணி நெய்கிற தெருவில் இந்தக் கூத்து. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மதுரைப் பக்கம் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிக்கொண்டிருந்த பூமிநாதன் என்பவரை அழைத்து வந்தார்கள். கம்பெனி கலைந்துவிட்டதால் ஆள் சும்மா இருந்தார். ஐம்பது வயது, ஒல்லி, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தூரிகை. திருநீறு பூசிக்கொண்டு வந்து ஜெருசலேம் எழுத உட்கார்ந்தவரைப் பற்றித் தெருவில் முதலில் முணுமுணுப்பு இருந்தது. கோயில் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னார்கள். ஜெருசலேமை இந்தத் தெருவில் யாரும்தான் பார்த்ததில்லையே, அவரும் பார்க்காமல் எழுதட்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

பூமிநாதனுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. படத்தைப் பார்த்துப் படம் எழுதமாட்டார். தெருவிலேயே தங்கி, தெரு ஆட்களைப் பார்த்துத்தான் எழுதுவார். தங்குவதற்கு இடம் வேண்டும் என்றதும் எல்லார் கண்ணும் ஞானப்பூவின் சும்மா கிடந்த தறியறை மேல் போயிற்று. அவள் முடியாது என்பாள் என்று நினைத்துத்தான் கேட்டார்கள். அவள் சரி என்றதும் தங்கசாமிக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவள் சரி சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லக்கூடிய நிலையில் அவள் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது, ஜான்ராஜின் கன்னத்து மச்சம் இடதா வலதா என்று ஒரு யோசனை வந்தது. தெரியவில்லை. விளையாட்டாகத் தொடங்கின யோசனைதான். கண்ணை மூடி அவர் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. மீசை வந்தது, அதுவும் யார் மீசையோ மாதிரி இருந்தது. ஞானப்பூ ராட்டையை நிறுத்திவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்த மனுஷனின் முகம் ஆறு மழைக்குள் கரைந்துபோகுமா? போட்டோ கிடையாது. அடுத்த பாஸ்குத் திருநாளுக்கு மதுரை போய் எடுப்போம், அடுத்த பாஸ்குக்கு எடுப்போம் என்றே மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். புருஷன் முகம் மறந்துபோச்சு என்று ஒரு பெண் வெளியே சொன்னால் தெரு என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். அவளே இன்னொருத்தியை அப்படிப் பேசியிருப்பாள். அதனால் மென்று விழுங்கிக்கொண்டாள். இப்போது முகம் எழுதுகிறவர் ஒருவர் வீட்டுக்கே வருகிறார் என்றதும், கடவுளாகப் பார்த்து அனுப்பிய ஆள் என்று பட்டது.

பூமிநாதன் வந்து சேர்ந்த பிறகு தெரு கலகலத்துப்போயிற்று. தெருக்கோடியில் பூட்டிக்கிடந்த பஞ்சுக் கிட்டங்கியின் சுவரில் காடாத்துணியைத் தொங்கவிட்டுச் சாரம் கட்டி எழுதினார். காவியும் மஞ்சளும் அவுரி நீலமும் ஞானப்பூவின் தறிக்குழியைச் சுற்றிச் சட்டிசட்டியாக உட்கார்ந்தன. வண்ணத்தில் கலக்க வச்சிரப் பசை காய்ச்ச வேண்டும். முதல் நாளே அவளுடைய கஞ்சிப் பானையில் அதைக் காய்ச்சிவிட்டார். பசை நாற்றம் தெருமுனை வரை போயிற்று. ஞானப்பூ பானையைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்து, இந்தப் பானைக்கு இனி உங்கள் வீட்டில்தான் இடம் என்றாள். அவர் பானையைத் தானே எடுத்துப்போய்த் தேய்த்தார். தேய்த்தும் நாற்றம் போகவில்லை. அதற்குப் பிறகு அவளிடம் கேட்காமல் ஒரு விறகுச்சுள்ளியைக்கூடத் தொடமாட்டார்.

சாப்பாடு முறை வைத்துப் போட்டார்கள், ஒரு நாளைக்கு ஒரு வீடு. தவக்காலம் வந்ததும் எல்லா வீட்டிலும் கீரையும் ரசமும்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சோறு போட்ட வீட்டிலிருந்து ஒரு முகம் அன்றைக்குத் திரையில் ஏறும். ஆண்டவர் கழுதைமேல் ஜெருசலேமுக்குள் வருகிற காட்சி. இருபுறமும் குருத்தோலை பிடித்துக்கொண்டு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு முகம் வேண்டுமே. இது தெரிந்ததும் ரசத்தில் பெருங்காயம் கூடியது. ஆண்டவருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்று தங்கசாமி வீட்டில் பாயசம் வைத்தார்கள். கழுதையின் வாலுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

ஞானப்பூவின் முறை வந்த அன்று அவள் சோற்றைப் போட்டுவிட்டு, என் முகம் வேண்டாம் என்றாள். வேறு யார் என்று கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரவுக. நான் சொல்லச் சொல்ல எழுதணும், அண்ணாச்சி. மறந்துபோச்சு எனக்கு. வெளிய சொல்லிராதீக."

பூமிநாதன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். சரி தாயி என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே பானை நாற்றத்தை அவள் மன்னித்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கிற்று. அவள் சொல்வாள், அவர் கரித்துண்டால் காகிதத்தில் போடுவார். நெற்றி எப்படி என்றார். நெற்றி மாதிரி இருக்கும் என்றாள். கண் பெரிதா சிறிதா என்றார். கண் கண்ணளவு இருந்தது. இப்படியே போனால் ஆண்டவர் ஜெருசலேமுக்குள் நுழைந்து திரும்பியே வந்துவிடுவார் என்று அவர் சிரித்துவிட்டு வேறு வழி பார்த்தார். தம்பிக்கு அண்ணன் தாடை இருக்கும் என்று செல்லத்துரையைக் கூப்பிட்டு, இன்னது என்று சொல்லாமல் உட்கார வைத்து அவர் தாடையை எடுத்துக்கொண்டார். அற்புதமேரி அம்மாவைப் பார்க்க வந்தபோது அப்பனின் மூக்கு என்று எல்லாரும் சொல்லும் அவள் மூக்கை எடுத்துக்கொண்டார். மீசைக்கு ஞானப்பூவே பொறுப்பேற்றாள். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டத்தின் முன்வரிசையில் எழுதி முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

தாலுகா ஆபீசில் தள்ளி நில் என்று விரட்டுகிற குமாஸ்தா மாதிரி ஒருவன் திரையில் குருத்தோலையோடு நின்றுகொண்டிருந்தான். தாடை சரி, மூக்கு சரி. ஆள் யாரோ. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த ஆளை இன்னும் நாலு நாள் பார்த்தால், மனதில் மிச்சமிருக்கும் ஜான்ராஜும் போய் இவனே வந்து உட்கார்ந்துவிடுவான் என்று பயம் வந்துவிட்டது. அழித்துவிடச் சொன்னாள். அவர் அழித்தார். இன்னும் இரண்டு தரம் எழுதினார், இரண்டு தரமும் அழிக்க வேண்டியதாயிற்று. ஏதோ கஞ்சிக்காரி குறை சொல்கிறாள், படக்காரர் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்றுதான் தெரு நினைத்தது.

குருத்தோலை ஞாயிறு நெருங்கிவிட்டது. திரை முடிந்தால் பூமிநாதன் கிளம்பிவிடுவார். ஞானப்பூவுக்குச் சோறு இறங்கவில்லை. இவர் போன பிறகு தனக்கு அந்த முகம் இல்லவே இல்லை என்று ஆகிவிடும் என்பது தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்குக் கஞ்சி கட்டிதட்டிவிட்டது. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது.

அன்று மாலை பூமிநாதன் சாரத்திலிருந்து இறங்கி வந்து அவளிடம் ஒன்று கேட்டார்.

"அவுகள நீங்க நல்லா உத்துப் பாத்தது எப்ப, தாயி?"

என்ன கேள்வி இது, தினமும்தான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உண்மையாக யோசித்தாள். சோறு போடும்போது பார்த்தது வட்டிலை. கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தறிக்குழியில் அவர் உட்கார்ந்தால் இவளுக்குத் தெரிவது முதுகு. நாலு பேர் முன்னால் புருஷன் முகத்தை நேராகப் பார்த்தால் பேர் கெட்டுப்போகும் என்று வளர்ந்தவள், தனியாக இருந்தபோதும் அதே பழக்கத்தில் இருந்துவிட்டாள். அப்படியானால் எங்கேதான் பார்த்தேன் என்று தன்னையே கேட்டாள்.

பாவு விரிக்கையில்தான். பாவின் ஒரு முனையில் இவள், மறு முனையில் அவர். நடுவில் முழுத் தெரு. இரண்டு பேரும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். ஒருவர் அதிகமாக இழுத்தால் நூல் அறும், ஒருவர் தளர்த்தினால் நடுவில் தொய்யும். கத்தினால் கேட்காது, கையைத்தான் காட்ட வேண்டும். அதனால் கண்ணை எடுக்கவே கூடாது. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை, பாவு விரிக்கிற நாளெல்லாம், அவர் இவளையும் இவள் அவரையும் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். அதைப் பார்வை என்று யாரும் சொல்லமாட்டார்கள், வேலை என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து மச்சமா தெரியும்?

ஞானப்பூ சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே, கிட்டங்கிச் சுவருக்கும் தெருவின் மறுகோடிக்குமாகக் கையை நீட்டிக் காட்டினாள். எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் அங்கேயிருந்து இங்கே வரைக்கும்தான், அண்ணாச்சி, நீங்கள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் நான் யாரைக் கண்டேன் என்று சொன்னாள். பூமிநாதன் காதிலிருந்த தூரிகையை எடுத்தார்.

கூட்டத்துக்குப் பின்னால், ஜெருசலேம் தெரு சின்னதாகிக்கொண்டே போய் முடிகிற இடம் திரையின் மேற்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுநாள் காலையில் அங்கே பாவு இழுத்து நிற்கிற ஒரு ஆளைச் சாண் உயரத்துக்கு எழுதினார். ஞானப்பூ தெருவின் மறுகோடியில் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து கையைக் காட்டினாள். இடது தோளை இறக்கு என்று கை சொன்னது, அவர் இறக்கினார். காலை இன்னும் அகட்டு. தலைத்துண்டு அந்தப் பக்கம் சாய வேண்டும். கொஞ்சம் தளர்த்து, கொஞ்சம் இழு என்று பாவுக்குக் காட்டுகிற அதே கைதான். அவர் அதைப் புரிந்துகொண்டார், மற்றவர்கள் பாவுக்கு அவள் காட்டுகிற அந்தக் கையை இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் பார்த்து வந்தவர்தானே. முகத்துக்கு ஒரே ஒரு பொட்டுக் காவி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

ஞானப்பூவின் கை இறங்கிவிட்டது. தெருக்கோடியில் ஜான்ராஜ் நின்றார். பாவு நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, போதுமா என்று இவளைக் கேட்டுக்கொண்டு நின்றார். போட்டோவில்கூட இப்படி வந்திருக்காது. அவள் நடுத்தெருவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது. நேரே வீட்டுக்குப் போய் நீராகாரத்தை எடுத்துக் குடித்துவிட்டுக் கஞ்சிக்கு மாவு கரைத்தாள். அன்றைய கஞ்சியில் ஒரு கட்டி இல்லை.

அது யார் என்று அவளும் சொல்லவில்லை, பூமிநாதனும் சொல்லவில்லை. ஆனால் தங்கசாமி விடுவாரா? கழுதை வால் கோபம் வேறு உள்ளே இருந்தது. சாமியாரைக் கூட்டிவந்து கைத்தடியால் மேலே காட்டினார். ஊரே ஓலை பிடித்து நிற்கும்போது ஒருவன் மட்டும் ஆண்டவரை மதிக்காமல் அங்கே பாவு இழுத்துக்கொண்டிருப்பது என்ன மரியாதை, அதை அழிக்க வேண்டும் என்றார். ஜெருசலேமில் பாவு உண்டா என்றும் ஒரு கேள்வி போட்டார். சாமியார் பூமிநாதனைப் பார்த்தார். பூமிநாதன் வாயைத் திறப்பதற்குள், தார்க்கூடையோடு அந்தப் பக்கம் வந்த ஞானப்பூ நின்றாள். கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"கஞ்சி போட்ட ஈரப்பாவ எப்படிச் சாமி விட்டுட்டு வர முடியும்? காஞ்சதும் வருவாக."

சாமியார் நெசவுத் தெருவில் பத்து வருஷம் இருந்தவர். பாவு ஈரமாக இருக்கும் நேரத்தில் கோயில் மணி அடித்தால்கூட யாரும் வருவதில்லை என்பது அவருக்குப் பழக்கம். சிரித்துக்கொண்டே, அந்த ஆளுக்கு அவன் கடமை, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். தங்கசாமி கைத்தடியைக் கீழே இறக்கினார்.

குருத்தோலை ஞாயிறன்று பூமிநாதன் தறியறையைக் கூட்டிச் சுத்தமாக வைத்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது புதுக் கஞ்சிப் பானை ஒன்று வாங்கி அடுப்பங்கரையில் வைத்திருந்தார். ஞானப்பூ அதைச் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை, விற்றவன் ஏமாற்றிவிட்டான் உங்களை என்றாள். பஸ் வரும்வரை கூடவே நின்று அனுப்பிவைத்துவிட்டு வந்தாள்.

பாஸ்கு வாரத்தில் கோயிலை அடுத்த மைதானத்தில் நாடகம். பரளச்சி, திருச்சுழிப் பக்கமிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் வந்திருந்தார்கள். மண்ணெண்ணெய் ரேஷன் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினார்கள். படக்காரருக்கு இடம் கொடுத்தவள் என்று ஞானப்பூவுக்கு முன்னால் சாமியார் நாற்காலிக்குப் பக்கத்தில் பாய் போட்டிருந்தது. அற்புதமேரி ஏற்கெனவே வந்து அம்மாவுக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். திரை இறங்கியதும் அவரவர் முகத்தைத் தேடிக் கூட்டம் எழுந்து நின்றது. இந்தா நீ, அந்தா நான் என்று ஒரே கூச்சல். ஞானப்பூ அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் அங்கே ஒரு காவிப் பொட்டு மட்டும் இருந்தது. எழுந்து பின்னால் நடந்தாள். எங்கே போகிறாய், இடம் போய்விடும் என்று மகள் கூப்பிட்டாள். இடம் பிடிக்கவில்லையா, கோபமா என்று தங்கசாமி கேட்டார். அவள் கூட்டத்தைத் தாண்டி, கடலை விற்பவர்களைத் தாண்டி, வண்டி மாடுகள் அவிழ்த்துக் கட்டியிருந்த வேலி ஓரம் வரைக்கும் போனாள்.

அங்கே செல்லத்துரை தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இருந்த காலத்தில் பாவின் இரண்டு முனைக்கும் நடுவில் கஞ்சி தடவிக்கொண்டு ஓடியவர் இவர்தான். முன்னால் இவருக்கும் பாய் போட்டிருந்தது. மதினியைக் கண்டதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"இங்கன உக்காருங்க, மதினி. இங்கருந்து பாத்தாத்தான் அண்ணன் தெரியிறாக."

ஞானப்பூ திரும்பித் திரையைப் பார்த்தாள். அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருஷத்தில் இவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தான் மறந்துவிட்டதாகப் பயந்த ஆளை, யாரும் காட்டிக்கொடுக்காமல், இன்னொருவர் தானே அடையாளம் கண்டுகொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் தான் சொன்னதெல்லாம் சரி. ஒரு மயிரிழைகூடத் தான் தப்பாகச் சொல்லவில்லை.

அவள் உட்கார்ந்தாள். மேடையில் மணி அடித்தார்கள், சுருள் திரை கீழேயிருந்து ஏறத் தொடங்கிற்று. முதலில் கழுதையின் கால்கள் சுருண்டன. பிறகு தங்கசாமியும் பாயசமும், பிறகு தெருவின் எல்லா முகங்களும், குருத்தோலைகளும் சுருளுக்குள் போயின. மேலே தெருக்கோடியில் அவர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஞானப்பூவின் கை அவளை அறியாமல் மடியிலிருந்து உயர்ந்து, போதும் என்று காட்டியது. பக்கத்தில் செல்லத்துரை அதைப் பார்த்துவிட்டு மாடுகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.